கடற்காற்று வீசும் மனைகள்

எங்கள் சுகர் லேண்ட் தமிழ் நண்பர்கள் குழு ஓர் ஆண்டு மலர் கொண்டுவருகிறது. ஓய்வு பெற்றவர்கள் ஆளுக்கொரு கட்டுரை தர வேண்டுமாம். எனக்குத் தலைப்பையும் அவர்களே கொடுத்துவிட்டார்கள்: 'இந்தோனேசியாவில் என் இனிய நாட்கள்'. இனிய நாட்கள் இருந்தன, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் கேட்டவர் குழுவில் எல்லாவற்றுக்கும் முன்னால் நிற்கும் விக்னேஷ். ஏன் கேட்டார் என்பதும் எனக்குத் தெரியும். அதனால் இனிப்பை ஓரமாக வைத்துவிட்டு மற்றதை எழுதுகிறேன். மலரில் போடுவதும் குப்பையில் போடுவதும் அவர்கள் இஷ்டம்.

என் பெயர் ஹமீது. ஊர் காயல்பட்டினம். எங்கள் ஊரில் கல்யாணம் ஆனால் மாப்பிள்ளை பெண் வீட்டோடு வந்துவிடுவார். இங்கே டெக்சஸில் அது தலைகீழாகிவிட்டது. மனைவி மவுத்தான பிறகு மாமனாராகிய நான் என் மகள் நஸ்ரீன் வீட்டுக் கீழ் அறையில் குடியிருக்கிறேன். மருமகன் ரியாஸ் தங்கமான ஆள். வட்டி என்ற சொல்லே ஆகாது. அந்தத் தங்கமான ஆளால்தான் இந்தக் கதையே எனக்குத் தெரியவந்தது.

நான் கெமிக்கல் எஞ்சினியர், அதிலும் பாதுகாப்புப் பிரிவு. எல்லோரும் வேலையைச் சீக்கிரம் முடிக்கப் பார்க்கும்போது குறுக்கே நின்று 'பொறு' என்று சொல்வதற்குச் சம்பளம் வாங்கியவன். கல்லூரி, தூத்துக்குடியில் வேலை பழகியது, குஜராத்தில் வெயிலில் காய்ந்தது எல்லாவற்றையும் இந்த ஒரு வரியோடு முடித்துக்கொள்கிறேன். அதன் பிறகு ஜாவா தீவின் மேற்கு ஓரத்தில் ஒரு சின்னத் தொழிற்பேட்டை ஊருக்குப் போனேன். தலை நரைக்கும்வரை அங்கேதான் இருந்தேன்.

கடற்கரை ஊர் என்றதும் மணலும் தென்னையும் நினைவுக்கு வரும். அந்த ஊரில் கடலைப் பார்க்க வேண்டுமென்றால் இரண்டு ஆலைகளுக்கு நடுவே உள்ள சந்தில் நின்று எட்டிப் பார்க்க வேண்டும். இரும்பாலை, உர ஆலை, மின் நிலையம், எண்ணெய்த் தொட்டிகள் என்று வரிசையாகக் கரையை அடைத்துக்கொண்டு நிற்கும். கொடியில் காயப்போட்ட வெள்ளைச் சட்டை மாலைக்குள் பழுப்பாகிவிடும். மாவிலையைத் தொட்டால் விரலில் கரி ஒட்டும். ஆனாலும் ஜனங்கள் நல்ல ஜனங்கள். வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து வெளியே வந்தால் யாராவது ஒருவர் கையைப் பிடித்து வீட்டுக்குச் சாப்பிட இழுத்துக்கொண்டு போவார். முன்பின் தெரியாதவன் என்ற நினைப்பே இருக்காது.

எங்கள் ஆலைக்குக் கப்பலில் அம்மோனியா வரும், கசிந்தால் ஆளைக் கொல்லும் வாயு. கடலுக்குள் நீண்டு, பாதியில் முழங்கை மாதிரி வளைந்து போகும் ஒரு பாலம். அதன் நுனியில் கப்பல் நிற்கும். அங்கிருந்து குழாய் வழியாகக் கரைத் தொட்டிக்கு ஏற்றுவோம். அந்தப் பாலத்துக்கு நேர் எதிரே, கரையை ஒட்டி நீளவாக்கில் ஒரு மீனவர் குப்பம் இருந்தது. ஆலை வருவதற்கு முன்பே இருந்த குப்பம்.

என் மேலதிகாரி பெயர் விர்யோ. அங்கே மரியாதைக்கு 'பாக்' என்பார்கள், நாம் ஐயா என்பது போல. பாக் விர்யோ குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. கோபம் ஏற ஏற அவர் குரல் இறங்கும். கிசுகிசுப்பாகப் பேசுகிறார் என்றால் எதிரே நிற்பவர் தொலைந்தார் என்று அர்த்தம். காலையில் வண்டியை விட்டு இறங்கியதும் யார் முகத்தையும் பார்க்கமாட்டார். முதலில் கம்பத்தின் மேலே ஆடும் விண்ட்சாக்கைப் பார்ப்பார். ஆரஞ்சும் வெள்ளையுமாகக் காற்றுக்கு ஊதிக்கொண்டு திசை காட்டுகிற துணிக்குழாய் அது. அதைப் பார்த்த பிறகுதான் அவர் வாயிலிருந்து சலாம் வரும்.

அவர் எனக்குச் சொல்லிக்கொடுத்த பாடம் ஒரே ஒரு சொல்தான்: "ஆங்கின்?" அவர்கள் மொழியில் காற்று. யாரை வேண்டுமானாலும், எங்கே வேண்டுமானாலும் நிறுத்தி அதைக் கேட்பார். கேட்ட கணமே ஒரு கையால் காற்று வரும் திசையைக் காட்ட வேண்டும், மறு கையால் ஓட வேண்டிய திசையைக் காட்ட வேண்டும். இரண்டாவது கைதான் முக்கியம். பயந்த மனிதன் வாயுவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நேராக ஓடுவான். காற்றும் அதே பக்கம்தான் ஓடும், அவனைவிட வேகமாக. ஓட வேண்டியது குறுக்கே. காற்றுக்குக் குறுக்காகப் பக்கவாட்டில் ஓடினால் பிழைக்கலாம். கேட்க எளிதாக இருக்கும். உயிர்ப்பயம் வந்தால் கால் கேட்காது. அதனால்தான் கேண்டீனில், பள்ளிவாசல் படியில், கழிப்பறை வாசலில்கூடக் கேட்டுக்கொண்டே இருந்தார். ஒருமுறை எங்கள் ஜெனரல் மேனேஜரைச் சாப்பாட்டு மேசையில் கேட்டார். அவர் கரண்டியோடு விழித்தார். பாக் விர்யோ தட்டை எடுத்துக்கொண்டு வேறு மேசைக்குப் போய்விட்டார்.

குப்பத்தில் சுமி என்ற பெண் சோற்றுக் கடை வைத்திருந்தார். எல்லோரும் அவரை 'பு சுமி' என்போம், சுமியம்மா என்கிற மாதிரி. எங்கள் ஒப்பந்தத் தொழிலாளர்கள் எல்லோருக்கும் மதியச் சாப்பாடு அங்கேதான். சுட்ட மீன், மிளகாய்ச் சாந்து, சோறு. கேண்டீன் சலித்தால் நாங்களும் அங்கே போய்விடுவோம். அங்கேயும் பாக் விர்யோ ஆட்களை நிறுத்தி "ஆங்கின்?" என்று கேட்பார். பு சுமி மீனைத் திருப்பிக்கொண்டே, எங்கள் ஆட்கள் சொல்வதற்கு முன்னால் கரண்டியால் திசையைக் காட்டிச் சிரிப்பார்.

பகலில் காற்று கடலிலிருந்து கரைக்கு அடிக்கும். அதாவது பாலத்திலிருந்து நேராகக் குப்பத்துக்கு. அதனால் பாக் விர்யோ ஒரு விதி வைத்திருந்தார். விடியற்காலையில், காற்று கரையிலிருந்து கடலுக்கு அடிக்கும்போது மட்டும்தான் கப்பலில் குழாய் மாட்ட வேண்டும். ஒருநாள் கப்பல் தாமதமாக வந்தது. மேலே இருந்தவர்களுக்குக் காத்திருக்க மனமில்லை. பாக் விர்யோ கிசுகிசுப்பான குரலில் முடியாது என்றார், அனுமதிச் சீட்டில் கையெழுத்துப் போடவில்லை. போடுவதற்கு வேறு ஆள் கிடைத்தான். எப்போதும் கிடைப்பான்.

வெயில் ஏறிய நேரம். பாலத்து வளைவில் குழாய் இணைப்பு ஒன்றில் இடுக்கை அடைக்கும் கேஸ்கெட் வளையம் கிழிந்தது. வெள்ளையாக ஒரு மேகம் கிளம்பித் தண்ணீரைத் தடவிக்கொண்டே கரைக்கு வந்தது. சைரன் அலறியது. பம்பை நிறுத்தி, வால்வை மூடி, வாயுவை அமுக்கத் தண்ணீர்த் திரையை அடிக்க ஆன நேரத்துக்குள் மேகம் குப்பத்துக்குள் நுழைந்துவிட்டது. நான் முகமூடியோடு ஓடியபோது ஜனங்கள் கடலுக்கு முதுகைக் காட்டி ஒரே பாதையில் நேராக ஓடிக்கொண்டிருந்தார்கள். பு சுமி மட்டும் ஈரத்துணியை முகத்தில் சுற்றிக்கொண்டு, இரண்டு கையிலும் கிடைத்த குழந்தைகளைப் பிடித்து இழுத்துக்கொண்டு கரையோரமாகப் பக்கவாட்டில் ஓடினார். திரும்பித் திரும்பிப் புருஷனைக் கத்திக் கூப்பிட்டார். புருஷனோ கூட்டத்தோடு நேராக ஓடினார். சில நாள் ஆஸ்பத்திரியில் மூச்சுக்குத் தவித்துவிட்டு இறந்துபோனார். இறந்தவர் அவர் மட்டுமல்ல.

அதற்குப் பிறகு ஆலைக்கு ஞானம் வந்தது. குப்பத்தைக் காலி செய்து அந்த இடத்தை வெறும் மரத்தோப்பாக விட்டுவிடுவது என்று முடிவு. ஜனங்கள் அசையவில்லை. கடலை விட்டுவிட்டு மீன்காரன் எங்கே போவான்? அதிகாரிகள் போய்ப் பார்த்தார்கள், நடக்கவில்லை. கடைசியில், குப்பத்துப் பள்ளிவாசலில் அவர்களோடு தோளொட்டி நின்று தொழுதவன் என்பதால், என்னை அனுப்பினார்கள். நான் பு சுமி வீட்டில் உட்கார்ந்து சொன்னேன்: "இந்த மண்ணில் இனி யாரும் குடியிருக்கக் கூடாது. நீங்கள் மட்டுமல்ல, யாருமே. குடியிருக்கமாட்டார்கள். நான் பொறுப்பு." அவர் வெகுநேரம் என் முகத்தைப் பார்த்தார். மறுவாரம் சட்டி பானைகளை வண்டியில் ஏற்றினார். அவர் ஏற்றியதைப் பார்த்து மற்றவர்களும் ஏற்றினார்கள். ஊருக்கு உள்ளே, கடல் வாடையே எட்டாத இடத்தில் அவர்களுக்கு வீடு கொடுத்தார்கள். மீன் பிடித்தவர்கள் பலர் மூட்டை தூக்கப் போனார்கள். குப்பம் இருந்த இடத்தில் சவுக்கு வைத்தோம். ஊரைவிட்டுக் கிளம்பிய அன்றுகூட அந்தத் தோப்பைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். சவுக்கு ஆள் உயரம் வளர்ந்திருந்தது.

பிறகு ஹூஸ்டன் வந்தேன், ஷிப் சேனல் பக்கம் ஓர் ஆலையில் வேலை பார்த்தேன், ஓய்வு பெற்றேன். அதில் எழுத ஒன்றுமில்லை.

போன மாதம் ரியாஸ் சாப்பாட்டு மேசையில் சொன்னார். "மாமா, விக்னேஷ் ஒரு இன்வெஸ்ட்மென்ட் கொண்டு வந்திருக்கார். நீங்க இருந்தீங்களே, அதே ஊர்ல. இன்டஸ்ட்ரியல் சபர்ப், சீ ஃபேசிங். கட்டி முடிச்சா ரென்ட் மட்டும்தான். வட்டியே கிடையாது, கிளீன்."

"நிலம் யார் பேர்ல?" என்று கேட்டேன். வெளிநாட்டுக்காரன் அங்கே சொந்தமாக மண் வாங்க முடியாது என்பது எனக்குத் தெரியும்.

"லோக்கல் பார்ட்னர் பேர்ல இருக்கும். நமக்கு அக்ரிமென்ட். விக்னேஷுக்கு அவங்க ரொம்பத் தெரிஞ்சவங்களாம்."

தெரிந்தவர் என்று ஒரு வார்த்தை போதும் நம் ஆட்களுக்கு. ஒரு டிவி வாங்க ஒரு வாரம் ரிவ்யூ படிப்பார்கள், கண்ணால் பார்க்காத தீவில் மனை வாங்க ஒரு பிரியாணி விருந்து போதும்.

அந்த விருந்துக்கு என்னையும் கூப்பிட்டார்கள். விக்னேஷே போன் செய்தார். "அங்கிள், நீங்க வந்து ரெண்டு வார்த்தை பேசினா போதும். ஏரியா எப்படி, பீப்பிள் எப்படின்னு. நம்ம மக்களுக்கு ஒரு கான்ஃபிடன்ஸ் வரும்." மலருக்கு 'இனிய நாட்கள்' கேட்டதும் அதே போனில்தான். ஊரைப் பற்றிப் பேச யாராவது கேட்டால் எனக்கும் ஆசைதான். போனேன்.

கம்யூனிட்டி கிளப் ஹவுஸில் சனிக்கிழமை மதியம். நம் குடும்பங்கள்தான், எல்லோரும் தெரிந்த முகங்கள். பெரிய திரையில் படங்கள் ஓடின. மாடி வீடுகள், குட்டைத் தென்னைகள், சிரிக்கும் வெள்ளைக்காரத் தம்பதி. பிறகு ஒரு சூரிய அஸ்தமனம். அதற்குக் குறுக்கே கடலுக்குள் நீண்டு, பாதியில் முழங்கை மாதிரி வளைந்து போகும் ஒரு பாலம்.

"இதுதான் நம்ம சைட்ல இருந்து வியூ" என்றார் விக்னேஷ். "பியர் வியூ, ஆல் டே சீ ப்ரீஸ். ஏசியே தேவைப்படாது."

என் கையில் பிளாஸ்டிக் தட்டு இருந்தது. அதைக் கீழே வைத்தேன்.

"தம்பி, அந்தப் படத்த அப்படியே நிறுத்துங்க. அது என்ன பாலம்?"

"ஃபிஷிங் பியர் அங்கிள்."

"மீன் பிடிக்கிற பாலத்து மேல எதுக்கு அவ்வளவு தடியா ஒரு பைப்பு போகுது?"

"வாட்டர் லைன்னு நினைக்கிறேன் அங்கிள்." இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்று கேட்டிருக்கிறேன். அன்றுதான் திரை போட்டுக் காட்டியதைப் பார்த்தேன்.

எழுந்து நின்று சொன்னேன். மேலே எழுதியிருப்பதை எல்லாம் சொன்னேன். குப்பம், கேஸ்கெட், நேராக ஓடியவர்கள், நான் கொடுத்த வாக்கு. அவர் சீ ப்ரீஸ் என்று விற்கிற அதே காற்றுதான் அன்று அந்த மேகத்தைச் சுமந்துகொண்டு வந்தது என்றும் சொன்னேன்.

 பிறகு ஓர் அம்மா மெதுவாகக் கேட்டார். "அது ரொம்ப வருஷம் முன்னாடி இல்லயா அங்கிள்? இப்ப சேஃப்டி ஸ்டாண்டர்ட்ஸ்லாம் இம்ப்ரூவ் ஆயிருக்குமே?"

கேட்க வேண்டிய கேள்விதான். பதில் சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் விக்னேஷ் முந்திக்கொண்டார். "அண்ட் அங்கிள், லெட்ஸ் பீ ப்ராக்டிகல். நாம யாரும் அங்க போய் இருக்கப் போறதில்லயே. டெனன்ட்ஸ் எல்லாம் கான்ட்ராக்ட் லேபர்ஸ். அவங்க எப்படியும் அதே பிளான்ட்லதான வேலை பாக்கறாங்க?"

 இதே விக்னேஷ், இரண்டு வருடத்துக்கு முன் எங்கள் சப்டிவிஷன் வீடுகளுக்குப் பக்கத்தில் சிமென்ட் கலவை ஆலை வருகிறது என்றதும், வீடு வீடாகப் போய்க் கையெழுத்து வாங்கினார். சிட்டி ஹாலில் மைக் முன்னால் நின்று, தன் மகனுடைய இன்ஹேலரைத் தூக்கிக் காட்டி, நாக்குத் தழுதழுக்கப் பேசினார். நானும் கைதட்டினேன். ரியாஸும் கூடவே போர்டு பிடித்துக்கொண்டு நின்றார். விருந்துக் கூடத்தில் இருந்த பாதிப் பேர் அன்று சிட்டி ஹாலில் இருந்தார்கள். ஆலை வரவில்லை. அத்தனையும் வெறும் சிமென்ட் தூசிக்கு.

"சிட்டி ஹால்ல பையனோட இன்ஹேலரத் தூக்கிக் காட்டினீங்களே தம்பி" என்றேன். "அந்தக் கான்ட்ராக்ட் லேபருக்கும் பையன் இருப்பான்."

"அங்கிள், தட்ஸ் நாட் ஃபேர்."

"எது ஃபேர் இல்ல? என் வாய வச்சு அந்த ஜனங்களக் காலி பண்ண வச்சாங்க. இப்ப அதே வாய வச்சு அதே எடத்த விக்கப் பாக்கறீங்க. அது ஃபேரா?"

யாரோ "அங்கிள், தண்ணி குடிங்க" என்றார். தண்ணீர் பாட்டில் ஒன்றும் கைக்கு வந்தது. விக்னேஷ் எல்லோரையும் பார்த்து, அங்கிளுடைய அனுபவம் மிகவும் மதிப்பானது என்று சொல்லிவிட்டு அடுத்த படத்துக்குப் போனார். வயதான மனிதன் கோபப்பட்டால் பிபி மாத்திரை போட்டாயா என்று கேட்கும் ஊர் இது.

ரியாஸ் வண்டியை ஃபிரீவேயில் ஏற்றினார். பிறகு, "எல்லார் முன்னாடியும் ஏன் மாமா? என்கிட்ட தனியா சொல்லியிருக்கலாமே" என்றார். அவர் இன்னும் பணம் அனுப்பியிருக்கவில்லை. திங்கட்கிழமை அனுப்புவதாக வாக்குக் கொடுத்திருந்தார். "வாக்குக் கொடுத்துட்டு எப்படி மாமா பின்வாங்கறது?" என்று என்னிடமே கேட்டார். வாக்கைப் பற்றி என்னிடம். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

மறுநாள் காலை பாக் விர்யோவை வீடியோவில் கூப்பிட்டேன். இங்கே காலை என்றால் அங்கே மாலை. அவர் அதே ஊரில்தான் இருக்கிறார், முழுக்க நரைத்துவிட்டது. விஷயத்தைச் சொன்னேன். ஆலை கை மாறிவிட்டதாகவும், புதியவர்கள் தோப்பை ஒரு கட்டடக் கம்பெனியிடம் தள்ளிவிட்டதாகவும் சொன்னார். சவுக்கையெல்லாம் வெட்டியாகிவிட்டதாம். "கப்பல் இன்னும் வருகிறதா?" என்று கேட்டேன். வருகிறது, அதே பாலத்துக்கு, இப்போது பகலிலும் இறக்குகிறார்கள் என்றார். அதைச் சொல்லும்போது அவர் குரல் எனக்குக் கேட்பதே கஷ்டமாக இருந்தது, அவ்வளவு இறங்கிவிட்டது. "கொஞ்சம் இரு" என்று மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனவர், பு சுமி வீட்டு வாசலிலிருந்து திரும்பக் கூப்பிட்டார்.

போனைச் சமையலறை மேடையில் சர்க்கரை டப்பாவில் சாய்த்து வைத்திருந்தேன். ரியாஸ் டீ போட்டுக்கொண்டிருந்தார். திரையில் பு சுமி வந்தார். பல் போய்விட்டது, சிரிப்பு போகவில்லை. நலம் விசாரித்தார், என் மனைவிக்காக துஆ செய்தார். பிறகு கேட்டார். அதட்டலாக இல்லை, உண்மையிலேயே தெரிந்துகொள்ள விரும்புகிறவர் மாதிரிக் கேட்டார்.

"என்ன சொல்றாங்க மாமா?" என்றார் ரியாஸ்.

நான் தமிழில் சொன்னேன்: "யாருமே இருக்கக் கூடாதுன்னு சொன்னீங்களே பாக் ஹமீது. நாங்க மட்டும் இருக்கக் கூடாதுன்னுதான் சொன்னீங்களா?"

 வாங்குகிறவர்கள் என் ஆட்கள்தான், தடுக்கப் பார்த்தேன், கேட்கவில்லை என்று அவரிடம் சொன்னேன். அழுவார், இல்லை திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருக்கலாம். அவர் தலையை ஆட்டிவிட்டு நிதானமாக வேறு ஒன்று சொன்னார். அதையும் ரியாஸுக்குச் சொன்னேன்.

"வீடு கட்டினா வேலையாளுங்க வருவாங்க, அவங்களுக்குச் சோறு வேணுமே. நான் திரும்ப அங்கயே போய்க் கடை போடப் போறேன். எனக்கு எந்தப் பக்கம் ஓடணும்னு தெரியும். அவங்களுக்குத் தெரியாது இல்ல."

ரியாஸ் டீ கிளாஸைக் கீழே வைத்தார். 

"எந்தப் பக்கம் மாமா ஓடணும்?"

"வாடகை வாங்கப் போறவர் நீங்க மாப்பிள்ளை. நீங்கதான் சொல்லணும்" என்றேன்.

 அவர் தன் போனை எடுத்துக்கொண்டு பேக்யார்டுக்குப் போய் விக்னேஷைக் கூப்பிட்டார். டீ ஆறிப்போனது.

ரியாஸ் விலகிவிட்டார். இன்னொரு குடும்பமும் விலகியது. மற்றவர்கள் பணம் அனுப்பிவிட்டார்கள், அஸ்திவாரம் போடும் படங்கள் வாட்ஸப்பில் வருகின்றன. தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள், அவர்களுக்கு அது வரப்போவதில்லை. நான் பு சுமிக்குக் கொடுத்த வாக்கு போனது போனதுதான், அதைத் திருப்பிக் கொடுக்க எனக்கு வழி தெரியவில்லை. மனை வாங்கியவர்களிடம் ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். உங்கள் வீட்டில் குடியிருக்க வருகிறவர்களிடம் சொல்லிவையுங்கள்: சைரன் அடித்தால், முனையில் சோற்றுக் கடை வைத்திருக்கும் அந்தக் கிழவி எந்தப் பக்கம் ஓடுகிறாளோ, அந்தப் பக்கம் ஓடட்டும்.